பளையகட் சாரமும் ரங்கூன் தையல்காரிகளும்

மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் எங்களுக்கு மூன்று மணித்தியால இடைவெளி. பாரிசில் ரெஸ்ரோறன்ற் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்த கதைதான் இது. வீட்டுக்குப் போய்வர மெற்றோவிலேயே ஒன்றரை மணித்தியாலம் போய்விடும். ஆகவே நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கும் எண்ணெய்க் கலன்களுக்கும் நடுவில், காற்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் சாரத்தைக் கட்டிக்கொண்டு சரிந்துவிடுவேன். ஒருநாள் வெங்காயம் எடுக்க இறங்கிவந்த பர்மாக்காரத் தோழி என் சாரத்தைப் பார்த்துச் சிரித்தபடி "பலேகட்" என்றார்.

அவர் எங்கள் குசினிக்கு வந்து அப்போது நாலு மாதம். என்னை "அக்கோ" என்று கூப்பிடுவார். பர்மிய மொழியில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்களாம். கோப்பை கழுவும் பெடியன் அதை "அக்கா" என்று விளங்கிக்கொண்டு என்னை ஒரு வாரமாகப் பகிடி பண்ணினான். அன்று அவர் சொன்ன அந்தச் சொல்தான் என்னை எழுப்பி இருத்தியது. என்னுடைய அம்மப்பா நல்லூர்த் திருவிழாவுக்குச் சாரம் வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்பது "பளையகட் இருக்கா?" என்றுதான். கட்டம் போட்ட, நிறம் போகாத, பருத்திச் சாரத்துக்கு ஊரில் அதுதான் பெயர். யாங்கோனில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணின் வாயில் என் அம்மப்பாவின் சொல் எப்படி வந்தது?

இந்தக் கேள்விக்குப் பின்னால் போனதன் விளைவே இக்கட்டுரை. நான் வரலாறு படித்து முடித்தவன் அல்லன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய படிப்பை 2008இல் பாதியில் விட்டுவிட்டுக் கொழும்புக்கு ஓடி, அங்கிருந்து இங்கே வந்தவன். யாங்கோனை நான் கண்டதும் இல்லை. வாசித்ததையும், அந்தத் தோழி சொல்லக் கேட்டதையும், என் அம்மா தொலைபேசியில் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

*

சென்னைக்கு வடக்கே களப்புக்கரையில் இருக்கும் பழவேற்காடு இன்று ஒரு மீன்பிடி ஊர். பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் அது சோழமண்டலக் கரையின் பெரிய துணித் துறைமுகங்களில் ஒன்று. பெகுவுக்கும் மலாக்காவுக்கும் அங்கிருந்து துணி போனது. 1613இல் ஒல்லாந்தர் அங்கே கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டியதும் அந்தத் துணிக்காகத்தான். ஐரோப்பியர் வாயில் அந்த ஊர் 'புலிக்கட்' ஆனது. ஊரின் பெயர் துணியின் பெயராகி, துணியோடு கப்பலேறியது. மலாய்க்காரர் இன்றும் கட்டம்போட்ட சாரத்தை 'காயின் பெலிக்கட்' என்கிறார்கள். பர்மியர் 'பலேகட்' என்கிறார்கள். எங்களுக்கு அது பளையகட்.

நாங்கள் மறந்துவிட்ட இன்னொரு சரடும் இதில் உண்டு. சோழமண்டலத் துணியின் பேர்போன சிவப்பு, சாயவேரிலிருந்து வந்தது. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அந்த வேரைத் தோண்டுவித்துச் சோழமண்டலக் கரைக்கும் ஏற்றினார்கள். தோண்டியவர்கள் விரும்பித் தோண்டவில்லை. சாதியின் பெயரால் சுமத்தப்பட்ட கட்டாய ஊழியம் அது. இன்று 'இயற்கைச் சாயம்' என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோர் முகமும் மலர்கிறது. வேர் இயற்கையானதுதான். அதைத் தோண்டிய கைகளின் மேல் இருந்த அதிகாரம் இயற்கையானதல்ல. இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

பர்மியர் இன்று தேசிய உடை என்று பெருமைப்படும் லோன்ஜியும் மிகப் பழையதல்ல. மன்னராட்சிக் காலத்தில் ஆண்கள் கட்டியது 'தவுங்ஷே பசோ' என்ற, ஏறத்தாழ ஒன்பது மீற்றர் நீளமான துணி. பெண்களின் 'தமெய்ன்' முன்பக்கம் திறந்திருக்கும். ஆங்கிலேயர் காலத்தில்தான் இரண்டும் சுருங்கி, இரண்டு மீற்றர் அளவான துணியின் இரு ஓரங்களையும் மூட்டிய குழாயாக மாறின. பெயரே லுங்கியிலிருந்து வந்ததுதான். அதாவது கங்காணியோடும் மூட்டை முடிச்சோடும் ரங்கூன் போய் இறங்கிய இந்தியக் கூலிகளின் இடுப்புத்துணி, ஒரு தேசத்தின் அடையாளமாகியிருக்கிறது. உடைகளுக்குத் தூய வரலாறு கிடையாது. இனத்தூய்மை பேசுகிறவர்கள் முதலில் தங்கள் இடுப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்போது ஐரோப்பிய நாகரிகக் கல்லூரிகளில் 'கழிவில்லா வெட்டு' என்று ஒரு பாடம் நடக்கிறதாம. ஒரு சேட்டோ காற்சட்டையோ வெட்டும்போது துணியில் 10 முதல் 15 வீதம் வரை கழிவாகப் போகிறது என்று மதிப்பிடுகிறார்கள். அதைக் குறைப்பதற்கு அங்கே ஆராய்ச்சி. எங்கள் சாரத்திலோ ஒரு நூல்கூட வெட்டி எறியப்படுவதில்லை. உடம்பு பெருத்தாலும் மெலிந்தாலும் அதே சாரம். தேய்ந்தால் மூட்டைப் பிரித்து, தேய்ந்த இடம் வேறு பக்கம் போகும்படி மறுபடி மூட்டலாம். அதன்பிறகு பிள்ளைக்கு ஏணை. அதன்பிறகு அடுப்படிப் பிடிதுணி. கடைசியில் சைக்கிள் துடைக்கும் பழந்துணி. இதற்கு யாரும் எங்களுக்குச் சான்றிதழ் தரவில்லை.

*

துணியை வைத்துப் பர்மாவில் அரசியல் நடந்தது 1920களில். 1920இல் பர்மியச் சங்கங்களின் பொதுச்சபை உருவானது. அதே ஆண்டு டிசம்பரில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர் வேலைநிறுத்தம். பின்னர் கிராமம் கிராமமாக 'வுன்தானு' சங்கங்கள் தோன்றின. அந்நியத் துணியைத் தள்ளி 'பின்னி' என்ற பழுப்புநிற நாட்டுப் பருத்திச் சட்டையையும் 'யோ' லோன்ஜியையும் அணிவது தேசப்பற்றின் அடையாளமாயிற்று. (சென்னைப் பின்னி ஆலைக்கும் இதற்கும் தொடர்பில்லை.) இந்தியாவில் அரசியல் கற்றுவந்த பிக்கு ஊ ஒத்தமா இந்த அலையின் முன்னணிக் குரல். அவர் 1939இல் இறந்தார். காந்தி 1929 மார்ச்சில் பர்மா போனபோது அங்கே கதர் போன்ற ஒன்று ஏற்கனவே இருந்தது.

உள்ளூர்ப் பஞ்சு, உள்ளூர்த் தறி, உள்ளூர்த் தையல், நீண்டநாள் பாவனை. இன்று 'நிலைபேறான' என்ற அடைமொழியோடு பேசப்படும் எல்லாமே வுன்தானுவில் இருந்தன. ஆனால் அது யாருக்கு எதிராக நின்றது என்பதையும் நாம் பார்க்கவேண்டும். மான்செஸ்ரர் துணிக்கு எதிராக மட்டும் அல்ல. 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் சனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர். இன்று தெயின்ஜி சே என்று அழைக்கப்படும் சந்தைக்கு அன்று பெயர் சூரத்தி பஜார். பக்கத்தில் கொன்சேடான் வீதியில் 1871இல் தமிழர் கட்டிய காளியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டிமாருக்குச் சொந்தமாயிருந்த நிலம் 1930இல் 6 வீதம். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல்விலை விழ, அடகு வைத்த நிலங்கள் மூழ்கி, 1938இல் அது 25 வீதமாயிற்று. பர்மிய விவசாயியின் கண்ணில் தமிழன் யார் என்பதை இந்த இரண்டு எண்களும் சொல்லும்.

நாங்கள் எப்போதும் பாதிக்கப்பட்டவர்களாகவே எங்கள் வரலாற்றை எழுதிப் பழகிவிட்டோம். ரங்கூனில் எங்களவர் கப்பலில் மூட்டை தூக்கியவர்களாகவும் இருந்தார்கள், பிறர் நிலத்தை எழுதி வாங்கியவர்களாகவும் இருந்தார்கள். அடி விழுந்தபோது அது கணக்குப் பார்த்து விழவில்லை. 1930 மே மாதம் துறைமுக வேலைநிறுத்தத்தில் தெலுங்குத் தொழிலாளருக்குப் பதிலாகப் பர்மியரை வேலைக்கு எடுத்து, பேரம் படிந்ததும் அவர்களைக் கழற்றிவிட்டன கப்பல் கம்பனிகள். கலவரத்தில் செத்தவர்களோ கூலிகள். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இரண்டு பக்கத்து ஏழைகளையும் மோதவிட்ட கம்பனிக்கு ஒரு கீறலும் இல்லை.

*

1941 டிசம்பர் 23 யப்பானியர் ரங்கூனில் குண்டு போட்டார்கள். 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் இந்தியாவை நோக்கிப் போனார்கள். பெரும்பாலானோர் கால்நடையாக. வழியில் பல்லாயிரக்கணக்கானோர் பசியாலும் வாந்திபேதியாலும் இறந்தார்கள். திரும்பிப் போனவர்களையும் எஞ்சியவர்களையும் 1964 துரத்தியது. நே வின் அரசு மார்ச்சில் கடைகளை அரசுடைமையாக்கியது. மே மாதம் 50, 100 கியாற் தாள்களைச் செல்லாதென அறிவித்தது. துணிக்கடை வைத்திருந்தவர், ஒரு மெசினோடு கடைவாசலில் இருந்து தைத்தவர், எல்லோரும் இலட்சக்கணக்கில் கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரையில் 1969இல் தொடங்கிய பர்மா பஜாரும், வியாசர்பாடிப் பர்மாக் குடியிருப்பும், 'அத்தோ' விற்கும் வண்டிகளும் அவர்கள் விட்ட தடங்கள். சிலர் தரைவழியாகப் பர்மாவுக்குத் திரும்ப முயன்று முடியாமல் மணிப்பூர் எல்லையில் மோரேயில் தங்கிவிட்டார்கள்.

மணிப்பூர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மாண்டலேக்குப் பக்கத்தில் அமரபுராவில் நெய்யப்படும் 'லுன்தயா' பட்டு உலகப்புகழ் பெற்றது. லுன்தயா என்றால் நூறு நாடா. அத்தனை நாடாக்களைக் கையால் மாறிமாறிக் கோத்து அலைவடிவங்களை நெய்கிறார்கள். அந்த நெசவாளர்களில் பலரின் மூதாதையர் பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் மணிப்பூரிலிருந்து பிடித்துவரப்பட்ட சிறைக்கைதிகள். பர்மாவின் மிக அழகான துணி, இடம்பெயர்க்கப்பட்டவர்களின் கையிலிருந்து வந்திருக்கிறது. 1914இல் ஆங்கிலேயர் அங்கே சோண்டர்ஸ் நெசவுக் கல்லூரியைத் தொடங்கினார்கள்.

நே வின் காலத்தில் பர்மா கதவடைத்துக்கொண்டது. இறக்குமதி இல்லை. கடையில் துணி இல்லை. உள்ளதைத் தைத்து, திருப்பி, ஒட்டுப்போட்டு உடுத்தார்கள். எங்களுக்கு இது புதிதல்ல. இலங்கையில் 1970 முதல் 1977 வரை சிறிமாவோ அரசின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் ஊர்க் கைத்தறிகள் கடகடத்தன. 1977இல் சந்தையைத் திறந்ததும் அவை ஒவ்வொன்றாக அடங்கின. வேலை இழந்தவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். பிறகு 1990இல் வடக்கின் மேல் பொருளாதாரத் தடை. சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்ததை அம்மா இன்றும் சொல்லுவா. அம்மா வீட்டில் தையல் தைத்தவ. பழைய சேலையில் சட்டை, சட்டையில் தலையணை உறை, அதன் மிச்சத்தில் எனக்குப் புத்தகப்பை. ஐந்து வயதில் அந்தப் பையை நான் வெறுத்தேன்.

இல்லாமையில் பிறக்கும் சிக்கனத்தை அழகாக்கிப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. தடையின் கீழ் ஒரு துணியைப் பத்து முறை பாவிப்பது வேறு, வேண்டுமென்று தெரிந்து பாவிப்பது வேறு. முன்னதில் தெரிவு இல்லை. ஆனால் கைக்குள் தங்கும் அறிவு இரண்டிலும் ஒன்றே. பர்மாவில் அந்த அறிவு முப்பது, நாற்பது ஆண்டுகள் கதவுக்குள் பூட்டிக்கிடந்து, 2011க்குப் பின் கதவு கொஞ்சம் திறந்தபோது வெளியே வந்தது.

*

2011க்குப் பின் யாங்கோனுக்கு இரண்டு வகைத் தையல் வந்தது.

ஒன்று பெரிய பக்ரறி. துணி, பொத்தான், நூல், மாதிரி எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரும். அங்கே நடப்பது வெட்டல், தைத்தல், பொதிசெய்தல் மாத்திரம். 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் வரிச்சலுகையைத் திரும்பக் கொடுத்ததும் லைங் தாயா போன்ற புறநகர்களில் பக்ரறிகள் பெருகின. அந்த ஆண்டு ஏப்ரல் 24 வங்காளதேசத்தில் ரானா பிளாசா இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்ததும் நினைவிருக்கும். கூலி குறைந்த அடுத்த நாட்டைக் கம்பனிகள் தேடிக்கொண்டிருந்த காலம். 2015இல் பர்மாவில் முதல்முறையாக நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி எட்டு மணித்தியாலத்துக்கு 3,600 கியாற். 2018இல் 4,800. 2020 அளவில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் இத்துறையில் வேலை செய்தார்கள். பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள்.

மற்றது சின்னத் தையல்கூடம். நாலைந்து மெசின், ஒரு வெட்டுமேசை, ஒரு வடிவமைப்பாளர். லண்டனில் நாகரிக வடிவமைப்புக் கற்றுவிட்டு 2012இல் யாங்கோனுக்குத் திரும்பிய மோ ஹோம், மலைப்பகுதி மக்களின் கைத்தறித் துணியையும் இயற்கைச் சாயத்தையும் வைத்து இன்றைக்கு உடுக்கக்கூடிய சட்டைகளைத் தைத்தார். பியோன் தெத் தெத் சோ, விர்யா கூத்தூர் என்ற பெயரில் உள்ளூர்த் துணிக்குப் புதிய வெட்டுகளைக் கொடுத்தார். பன்சோடான் வீதியில் 'லா டே' என்ற கடை, அங்கவீனமுற்றவர்களும் வேலை கிடைக்காதவர்களும் செய்த பொருட்களை விற்றது. ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் 'சூ சூ' என்ற சிறு பட்டறை, எறியப்பட்ட பிளாஸ்ரிக் உறைகளையும் ரியூப்களையும் கழுவி வெட்டிப் பைகளாகத் தைத்தது. பர்மியத்தில் சூ சூ என்பது பிளாஸ்ரிக் பை சரசரக்கும் ஒலி.

இவர்களின் வேலைமுறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சின் மலைப் பெண்கள் இடுப்பில் கட்டி நெய்யும் தறியில் வரும் துணி அகலம் குறைந்தது, ஒரு சாண் இரண்டு சாண்தான். பக்ரறி வெட்டுக்கு அது ஆகாது. துணியின் அகலத்துக்கு ஏற்பச் சட்டையை யோசிக்கவேண்டும். ஓரம் அப்படியே ஓரமாக நிற்கும். மிஞ்சும் துண்டு கழுத்துப்பட்டியாகும், பொத்தானுக்கு உறையாகும். சாயத்துக்குப் பலாக்கட்டை இருக்கிறது, பிக்குகளின் சீவரத்துக்கு மஞ்சள் தந்த கட்டை. படிகாரத்தில் ஊறவைத்துச் சாயம் பிடிக்கச் செய்யவேண்டும். ஒருமுறை வந்த நிறம் மறுமுறை அப்படியே வராது. ஐயாயிரம் ஒரேமாதிரி கேட்கும் கம்பனிக்கு இது குறை. பத்துச் சட்டை தைப்பவருக்கு இது குறையல்ல. ஓடர் வந்தபிறகு தைப்பதால் விற்காமல் தேங்குவதும் இல்லை.

எங்கள் தோழி இந்த இரண்டிலும் வேலை செய்தவர். பதினேழு வயதில் ஒரு பக்ரறியில் சேர்ந்தார். அங்கே இரண்டு வருடம் இடதுகைப் பட்டியை மட்டுமே தைத்தாராம். "ஒரு முழுச் சட்டை எப்படி வருகிறதென்று எனக்குத் தெரியாது, அக்கோ. பக்கத்து மெசின்காரிக்கும் தெரியாது." பிறகு ஊர்க்காரப் பெண் ஒருவர் வீட்டின் முன்னறையில் நடத்திய தையல்கூடத்துக்குப் போனார். அங்கே அளவெடுக்க, வெட்ட, தைக்க, பிரித்துத் திரும்பத் தைக்கக் கற்றார். சம்பளம் கொஞ்சம்தான் கூட. ஆனால் மூத்திரம் போக யாரிடமும் அட்டை வாங்கத் தேவையில்லை.

நான் அதை நல்ல கதையாக முடிக்க விரும்பி, "அப்ப சின்னக் கடைதான் நல்லது" என்றேன். அவர் தலையாட்டவில்லை. சின்னக் கடையில் சங்கம் இல்லை, சுகவீன விடுமுறை இல்லை, முதலாளியம்மாவுக்கு மனம் நல்லாயிருந்தால் எல்லாம் நல்லாயிருக்கும் என்றார். வாங்கியவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரரும் பணக்காரருமே. தன் கையால் தைத்த சட்டையை வாங்கத் தன்னால் முடியாது. தன் தங்கை போட்டது எல்லையால் வந்த மலிவான நைலோன் சட்டை. கைத்தறிக்கு வந்த நூலிலும் பாதி சீன நூல். நான் சாயவேரை நினைத்துக்கொண்டேன். துணி நீடித்து நிற்குமா என்று மட்டும் கேட்டால் போதாது. தைத்தவர் நீடித்து நிற்பாரா என்றும் கேட்கவேண்டும்.

*

2021 பெப்ரவரி 1 இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பெப்ரவரி 6ஆம் திகதி யாங்கோன் வீதிகளில் முதலில் பெரும் எண்ணிக்கையில் இறங்கியவர்களில் பக்ரறித் தையல் பெண்கள் முன்னணியில் நின்றார்கள்.  எங்கள் போராட்ட வரலாறுகளில் தையல்காரி எங்கே இருக்கிறாள் என்று யோசித்தேன்.

மார்ச் 8 பெண்கள் தினத்தன்று அவர்கள் தங்கள் தமெய்ன்களைக் கயிற்றில் கோத்து வீதிகளுக்குக் குறுக்கே கட்டினார்கள். பெண்ணின் கீழுடைக்குக் கீழால் நடந்தால் ஆணின் 'போன்', அதாவது அவனுடைய மகிமை, போய்விடும் என்பது அங்கத்தைய நம்பிக்கை. சிப்பாய்கள் கயிற்றை அறுத்து இறக்காமல் முன்னேறத் தயங்கினார்கள். பெண்ணை இழிவுபடுத்தக் கட்டிய நம்பிக்கையையே அவர்கள் மதிலாக்கினார்கள். தோழியும் தன் இரண்டு தமெய்ன்களைக் கொடுத்தாராம். ஒன்று திரும்பி வரவில்லை. ஆறு நாள் கழித்து, மார்ச் 14 லைங் தாயாவில் படையினர் சுட்டுப் பல பத்துப்பேர் இறந்தார்கள். துணியால் சன்னத்தைத் தடுக்க முடியாது.

அவர் இதைச் சொன்னபோது நாங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அம்மாவின் சேலைகள் நினைவுக்கு வந்தன.

2006 ஓகஸ்ரில் ஏ9 பாதை மூடப்பட்டபோது நான் யாழ்ப்பாணத்தில். அம்மாவும் தங்கையும் கிளிநொச்சியில். பிறகு அவர்கள் ஒவ்வொரு இடமாக நகர்ந்து 2009இல் முள்ளிவாய்க்காலுக்குப் போனார்கள். கைமெசினை அம்மா கடைசிவரை கொண்டுபோனா. வன்னியிலிருந்து வந்த எல்லோருக்கும் தெரியும், அங்கே பதுங்குகுழிக்கு மண்மூட்டை சேலையில்தான் தைத்தார்கள். சாக்கு இல்லை. பட்டுச்சேலையும் நைலெக்ஸ் சேலையும் பைகளாகி, கடற்கரை மண்ணால் நிரம்பி, அடுக்கடுக்காக இருந்தன. அம்மா தன்னுடையதை மட்டும் தைக்கவில்லை. அயலில் உள்ளவர்கள் கொண்டுவந்து கொடுக்கக் கொடுக்கத் தைத்தாவாம். நூல் முடிய, சேலையிலேயே நூலை உருவித் தைத்தா. கூறைச்சேலை கடைசி. "பட்டு மண்ணைத் தாங்கும், தம்பி. நைலெக்ஸ் வழுக்கும்" என்று தொலைபேசியில் சொன்னா. ஒரு தையல்காரியின் தொழிற்குறிப்பு மாதிரித்தான் அதைச் சொன்னா. எத்தனை பை என்று கேட்டேன். எண்ணவில்லை என்றா.

*

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2022இல் பிறைமார்க்கும் 2023இல் எச் அண்ட் எம்மும் பர்மாவிலிருந்து படிப்படியாக விலகுவதாக அறிவித்தன. இராணுவத்துக்குப் பணம் போகக்கூடாது என்பது ஒரு பக்க வாதம். பட்டினியில் விழுவது தொழிலாளி என்பது மறுபக்க வாதம். வன்னியிலும் போர் முடிந்தபிறகு பெரிய தையல் பக்ரறிகள் வந்தன. ஓடர் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு மாறும்போது, ஒருத்தி இழந்த இடதுகைப் பட்டியைத்தான் வேறொருத்தி தைக்கத் தொடங்குகிறாள். 2024 பெப்ரவரியில் இராணுவம் கட்டாய ஆட்சேர்ப்பை நடைமுறைப்படுத்தியதும் இளைஞர்கள் நாட்டைவிட்டு ஓடினார்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கம் மாண்டலேயையும் அமரபுராவையும் குலுக்கிற்று. யாங்கோனில் மின்சாரம் சில மணித்தியாலங்களுக்கே வரும் நாட்களில், சின்னத் தையல்கூடங்களில் கால்மெசின்கள் மறுபடி ஓடுவதாகத் தோழியின் தங்கை எழுதினாளாம்.

அதே வாரம் லாச்சப்பலில் ஒரு திருமண வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று நாள் கொண்டாட்டத்தில் ஒருவரே ஐந்து சேலை மாற்றுவதைப் பார்த்தேன். குறை சொல்ல நான் யார்? இழந்ததற்கு ஈடாக வாங்கி அடுக்குகிறோம் என்று நினைக்கிறேன். ஒருமுறை உடுத்துப் பெட்டியில் வைத்த அந்தச் சேலைகளைத் தைத்தவர், நெய்தவர், சாயமிட்டவர் எந்த ஊரில் எந்தக் கூலிக்கு இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளலாம். எங்கள் வீடுகளில் கிழித்துத் தைக்கத் தெரிந்த அம்மாக்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். தடைக்காலத்தில் எதிலிருந்து எதைத் தைத்தார்கள், 2009இல் என்ன தைத்தார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதி வைப்பதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. தளபதிகளின் வரலாற்றை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

போன மாதம் என் பளையகட் பின்பக்கம் கிழிந்துவிட்டது. புதிதாய் ஒன்று பத்து யூரோவுக்கு வாங்கலாம் என்றேன். தோழி அதை வாங்கிக்கொண்டு போய், பழைய மூட்டைப் பிரித்து, கிழிந்த பாகத்தை வெட்டிவிட்டு, வெட்டிய ஓரங்களை மூட்டி, இரண்டு நாளில் கொண்டுவந்து தந்தார். சுற்றளவு கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் கட்டலாம். மூட்டிய இடத்தில் கட்டங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தியிருக்கின்றன. அன்றிரவு அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "ஆர் தைச்சது? நல்ல கை" என்று மறுமொழி வந்தது.